காக்காய்ச் சோற்றுக்கு வந்த நாய்

நாயைச் சாக்கில் போட்டுக் கட்டியது நான்தான். அதை இலுப்பூரிலிருந்து திருக்கோகர்ணத்துக்குக் கொண்டுவர வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. பஸ்ஸுக்குள் நாயை ஏற்ற விட மாட்டார்கள். கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிவரலாம் என்றால் அது நடக்காது. நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சாக்கு. பஸ்ஸின் மேலே இரண்டு வாழைத்தார், ஒரு தகரப் பெட்டி, ஐந்து கடலை மூட்டை, ஒரு நாய். கண்டக்டர் எண்ணிய பிறகு நானும் ஒரு தடவை எண்ணிக்கொண்டேன். எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது.

இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் இருக்கிறது. அந்த நாய் என்னை எப்படி நடத்தியது, பக்கத்துப் போர்ஷன் டிராயிங் மாஸ்டரை எப்படி நடத்தியது என்று நான் சொல்லும்போதெல்லாம், என் சுபாவத்தில்தான் ஏதோ கோளாறு என்பது போல வீட்டில் சிரிக்கிறார்கள். மருமகள்கூட. சிரிக்கிறவர்கள் யாரும் அந்தச் சாக்கை இறுக்கிக் கட்டவில்லை, அவிழ்க்கவும் இல்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் பெரியவர்கள் இன்னும் ராஜா காலத்துப் பேச்சே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், குழந்தை இல்லை. பரீட்சை மேற்பார்வைக்கு என்னை இலுப்பூருக்கு அனுப்பினார்கள். தங்கின அறைக்குக் கீழே ஒரு கடலை மண்டி. மண்டித் தூணில் ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். செவலை நிறம், காது இரண்டும் மடிந்து கிடக்கும். கயிறு மிகவும் குட்டை. மூட்டை தூக்கி வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தத் தூணைத் தாண்டித்தான் வழி. தலையில் சுமை இருக்கும்போது கீழே கிடப்பதை யார் பார்ப்பார்கள்? காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். சிலர் தள்ளுவதோடு நிறுத்த மாட்டார்கள். நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசி நாள் மண்டிக்காரரிடம் கேட்டேன்.

"காவலுக்குன்னு கட்டுனது வாத்தியாரே. குரைக்கவே மாட்டேங்குது. திருடன் வந்தா அதுதான் மொதல்ல ஒளியும்," என்றார் அவர். "வேணும்னா அவுத்துக்கிட்டுப் போங்க. வழியில கெடக்கேன்னு ஒதைக்கிற வேலையாச்சும் மிச்சம்."

சாக்கும் அவரே கொடுத்தார்.

அன்னவாசல் வழியாக வரும்போது சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே தட்டென்று ஒரு சத்தம் கேட்கும். மூட்டையா நாயா என்று தெரியாது. நான் தலையை வெளியே நீட்டி, "பயப்படாத, வந்தாச்சு" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

திருக்கோகர்ணத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன் உள்ள வீடு. ஒன்றில் நானும் என் மனைவியும். இன்னொன்றில் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கல்யாணமாகாதவர், சாப்பாடு மெஸ்ஸில். கொல்லை இரண்டு பேருக்கும் பொது. ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், சுவரோரம் அடுக்கிய விறகு, ஒரு புங்கமரம். மரத்தடியில் அவருடைய கயிற்றுக் கட்டில். பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில் அவர் அந்தக் கட்டிலில்தான் கிடப்பார்.

சாக்கைக் கொல்லையில் இறக்கினேன்.

"என்னங்க அது, கடலையா?" என்றாள் மனைவி.

"நாய்."

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சாக்குல நாயக் கட்டிக்கொண்டாந்த மனுசன இப்பத்தான் பாக்குறேன்."

கட்டிலில் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்த டிராயிங் மாஸ்டர் பத்திரிகையை எடுக்காமலே சொன்னார்: "மூச்சு விடுதான்னு மொதல்ல பாருங்க சார்." சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். அந்த நாய்க்காக அவர் செய்தது அந்த ஒரு வாக்கியம். எடுத்தது நான், கேட்டது நான், கூரையில் ஏற்றியது நான். இவர் முகத்தில் பத்திரிகை.

நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். இருட்டிலிருந்து வெளியே வந்த நாய் முதலில் பார்த்தது என் முகத்தை. ஒரு கணம்தான். அடுத்த கணம் விறகுக்குப் பின்னால் போய்விட்டது. ஓடும்போது வலது பக்கத்து விலா எலும்பை எண்ணினேன், ஒன்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு அது விறகுக்குப் பின்னாலேயே குடியிருந்தது. தயிர்ச்சோறு பிசைந்து தேங்காய்த் தொட்டியில் வைத்தேன். தொடவில்லை. பால் வைத்தேன், எறும்பு மிதந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் ரொட்டி வாங்கி, பிய்த்து, விறகு இடுக்கு வழியாக ஒவ்வொரு துண்டாக உள்ளே போட்டேன். ஒவ்வொரு துண்டு விழும்போதும் அது இன்னும் ஒடுங்கியது, நான் கல் எறிகிற மாதிரி. ஒரு பேர்கூட வைத்தேன். அந்தப் பேரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும்.

"ஒங்களப் பாத்தா அதுக்குச் சாக்கு நெனப்பு வருது போல," என்றாள் மனைவி. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகம் குத்தியது.

ஆனால் நாய் சாகவில்லை. ஒன்றும் தின்னாமல் எப்படி உயிரோடு இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். வெளியே தெரிந்த விலா எலும்பு வேறு ஏழாகக் குறைந்திருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு. சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். என் மனைவி தினமும் உலை இறக்கியதும் ஒரு கை சோற்றைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவாள். எல்லார் வீட்டிலும் மதில்மேல் வைப்பார்கள். எங்கள் மதிலில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்ததால் அவள் கல்லில் வைத்தாள். அண்ணாந்து பார்த்து, "கா… கா…" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஏழு காக்காய் மதிலில் இறங்கின. அவை கல்லுக்கு வருவதற்குள் விறகுக்குப் பின்னாலிருந்து செவலையாக ஒன்று வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. கல்லை நக்கி எடுத்துவிட்டுப் போய்விட்டது. காக்காய்கள் மதிலில் உட்கார்ந்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்தது. நாங்கள் அதற்கென்று வைத்த எதையும் அது தொடாது. அதற்கென்று வருகிற எதற்கும் பின்னால் ஒரு கை வரும், அல்லது கால் வரும் என்பது அதற்கு மண்டியில் கிடைத்த படிப்பு. காக்காய்ச் சோற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. வைக்கிறவள் வானத்தைப் பார்க்கிறாள், வேறு யாரையோ கூப்பிடுகிறாள், போய்விடுகிறாள். அதனால் அது பத்திரமான சோறு.

மனைவியிடம் சொன்னேன். அன்றுமுதல் அவள் கல்லில் இரண்டு உருண்டையாக வைத்தாள், ஒன்று காக்காய்க்கு, ஒன்று நாய்க்கு. நாயின் பக்கம் திரும்பவே மாட்டாள். கொஞ்ச நாளில் அவள் "கா… கா…" என்றதும் காக்காய்க்கு முன்னால் நாய் வந்து நின்றது. நான் வைத்த பேர் போயிற்று. அந்த நாய்க்குக் காக்காயைக் கூப்பிடுகிற சத்தம்தான் பேர்.

நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அதே கல், அதே சோறு, அதே மாதிரி அண்ணாந்து. காக்காய் ஏழும் வந்தன, எட்டாவதாக ஒன்று எங்கிருந்தோ வந்தது. நாய் வரவில்லை.

"நீங்க மேல பாக்கலைங்க," என்றாள் அவள். "மேல பாக்குற மாதிரி வெறகையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

இதுவரை நடந்ததைப் பொறுத்துக்கொண்டேன். சோறு போடுகிறவளிடம் நாய் போவது நியாயம். அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கும்போது அதனிடம் ஏதேதோ பேசுவதும் எனக்குக் கேட்கும். அரிமளத்துப் பக்கம் அவள் பிறந்த வீடு, அங்கே இருந்த மாடு, அவள் அக்காவின் கம்மல் தொலைந்தது. இதையெல்லாம் என்னிடம் அவள் சொன்னதில்லை. சரி, இருக்கட்டும். ஆனால் டிராயிங் மாஸ்டர் விஷயத்தை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலக் கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நாய் விறகிலிருந்து வந்தது. சோறு இல்லை, யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கைக்குப் பக்கத்தில் போய் நின்று முகர்ந்தது. ஒவ்வொரு விரலாக முகர்ந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அந்தக் கையின் நிழலில் படுத்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "நாய் ஒங்க கட்டிலுக்கு அடியில படுத்திருந்துச்சு சார்."

"அப்படியா? நான் பாக்கலையே."

"என்ன போட்டீங்க அதுக்கு?"

"நான் என்னத்தப் போடுறது? மெஸ்ல எனக்கே போட மாட்டேங்குறான்."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பார்க்கவில்லை. அதுதான் எரிச்சல். பார்த்திருந்து, ஆசைப்பட்டு, ஏதாவது கொடுத்து மயக்கியிருந்தால் ஒரு மனுஷனோடு போட்டி போடலாம். தூங்குகிறவரோடு எப்படிப் போட்டி போடுவது?

போட்டேன். அடுத்த வாரம் அவர் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தார். நான் அவர் கட்டிலில் கவிழ்ந்து படுத்து, கையைத் தொங்கவிட்டேன். கை மரத்துப்போனது. கட்டெறும்பு இரண்டு ஏறி இறங்கின. நாய் வரவில்லை. மனைவி துணி காயப்போட வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க தூங்கலைங்க. கண்ணை மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கீங்க. அதுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நாளில் அவர் உட்கார்ந்திருந்தாலும் நாய் காலடிக்கு வந்தது. அவர் காலை நீட்டினால் செருப்பின்மேல் தாடையை வைக்கும். அவர் யோசனையாக எங்கேயோ பார்த்துக்கொண்டு அதன் காதை நீவிக்கொண்டிருப்பார், பேனா மூடியை உருட்டுகிற மாதிரி. அந்தக் காதின்மேல் கை வைக்க நான் எவ்வளவு கொடுத்திருப்பேன். நான் கொல்லைக் கதவைத் திறந்தால் போதும், அது எழுந்து அவருடைய அந்தப் பக்கத்துக்குப் போய் உட்காரும். என்னிடமிருந்து அவர் காப்பாற்றுகிறார் என்று அதற்கு எண்ணம்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லாரும் ஒரு படத்தைச் சுற்றி நின்றார்கள். பென்சில் படம். என் நாய். நேராக, முழு முகம், கண் இரண்டும் பார்க்கிறவரைப் பார்த்தபடி. காது ஒன்று லேசாக எழும்பியிருந்தது. அந்தக் காது எழும்பும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அதன் பக்கவாட்டும் முதுகும் வாலும். சாக்கை அவிழ்த்த அன்றைக்குப் பிறகு முழு முகத்தை எனக்குக் காட்டியதே இல்லை.

"நாய் ஒங்களுதா சார்?" என்று சயன்ஸ் வாத்தியார் டிராயிங் மாஸ்டரிடம் கேட்டார்.

"நம்ம காம்பவுண்டு நாய்," என்றார் அவர்.

நம்ம. ஏழாம் வகுப்புக்குப் போய், அன்று எல்லாருக்கும் இரட்டிப்பாகக் கணக்குப் போட்டேன்.

அந்தச் சமயத்தில் நகராட்சியிலிருந்து தண்டோரா போட்டார்கள். நாய் வைத்திருக்கிறவர்கள் பணம் கட்டி, எண் அடித்த பித்தளை வில்லை வாங்கி, வாரில் கோத்துக் கழுத்தில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாத நாயைக் கூண்டு வண்டியில் கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுபோனால் திரும்பி வராது. மறுநாளே நான் போய் வில்லை வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் தோல் வார் ஒன்றும் தைக்கச் சொல்லி வாங்கினேன். ஐந்து துளை. வீட்டில் வாரை நீட்டிப் பிடித்தேன். நாய் அதைக் கயிறு என்று நினைத்தது போல. விறகுக்குப் பின்னால் போனது அன்று முழுக்க வெளியே வரவில்லை.

"அண்ணங்கிட்டக் குடுத்தா ரெண்டு நிமிசத்துல மாட்டிருவாரு," என்றாள் மனைவி. டிராயிங் மாஸ்டரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு."

"நாய்க்கு வாசிக்கத் தெரியாதுங்க."

"நானே மாட்டுறேன்."

"எப்ப?"

வார் ஆணியில் தொங்கியது. தெருவில் கூண்டு வண்டி போனதாக யாராவது சொன்னால் ஓடிப்போய் விறகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். ஆனாலும் என்னால் அவரிடம் போய்க் கொடுக்க முடியவில்லை. என் நாய்க்கு முதல்முதலாகக் கழுத்தில் ஏறுகிற வாரை இன்னொருவர் மாட்டி, அது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா? கல்யாணத்தில் தாலியை மாப்பிள்ளையின் சிநேகிதன் கட்டின மாதிரி இருக்கும்.

ஆடி அமாவாசை வந்தது. சனிக்கிழமை, எங்களுக்கு லீவு. செத்துப்போன என் அப்பாவுக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்கு வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். தெரு முழுக்க அப்படித்தான். உச்சிப்பொழுதில் மனைவி இலையில் சோறும் வடையும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். நாயை அவள் அன்று முன்கூட்டியே தனியாகச் சோறு வைத்துக் கவனித்துவிட்டாள், படைத்த இலையில் வாய் வைக்கக் கூடாதே என்று. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காதது ஒன்று. அன்று காக்காயைக் கூப்பிடுவது எங்கள் வீடு மட்டும் இல்லை. எதிர்வீட்டில் "கா… கா…" என்றார்கள். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். தெருவின் அந்தக் கோடி, இந்தக் கோடி, மொட்டை மாடி, சந்து, எல்லாப் பக்கமும். நாய் எழுந்து நின்றது. இத்தனை பேர் அதன் பேரைச் சொல்லி அழைத்தது அதன் வாழ்நாளில் இல்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றியது. வாழையிலை வாங்கப் போய்வந்த மனைவி தெருவுக்குப் போகும் கொல்லைக் கதவைச் சாத்தவில்லை. அந்த வழியாகப் போய்விட்டது.

வந்த நாளிலிருந்து கொல்லையைத் தாண்டாத நாய் அது.

நான் ஆணியிலிருந்து வாரை எடுத்தேன். "அண்ணன எழுப்புங்க," என்றாள் மனைவி. அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வேணாம்."

"ஏங்க, எழுப்புங்கன்னா."

"நான் போறேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அவர் வந்தால் நாய் அவரிடம்தான் போகும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுப்பவில்லை.

தெருவில் ஒரே சத்தம். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மாள் கரண்டியோடு வாசலில் நின்றார். "யார் வீட்டு நாய் இது? படைச்ச எலையில வந்து வாய வைக்குது. நாங்க இன்னம் பச்சத் தண்ணி குடிக்கல." அடுத்த வீட்டில் விறகுக் கட்டையை எறிந்தார்கள். நாய் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வீட்டில் கூப்பிட்டதும் அந்த வாசலுக்கு ஓடும், அடித்துத் துரத்தியதும் அடுத்த வீட்டில் கூப்பிடுகிற சத்தத்துக்கு ஓடும். கூப்பிடுகிறவர்களே அடிக்கிறார்கள். மண்டியில்கூட அதைக் கூப்பிட்டு அடித்ததில்லை.

அப்படியே தெருக்கோடிக்குப் போய்விட்டது. அங்கே குளத்து முனையில் கூண்டு வண்டி நின்றது. இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் நீளக் கம்பு, நுனியில் கம்பிச் சுருக்கு. அவர் நாயைப் பார்த்துவிட்டார்.

"நம்ம நாய்ங்க," என்று கத்தினேன். வில்லையை உயர்த்திக் காட்டினேன். "லைசென்ஸ் இருக்கு."

கம்பு வைத்திருந்தவர் நல்ல மாதிரிதான். "கையில இருந்தா எப்படி சார்? கழுத்துல இருக்கணும்ல. மாட்டுங்க, நான் நிக்கிறேன்," என்றார்.

நாய் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்தது. கையில் தொங்கிய வாரைப் பார்த்தது. நான் மெல்ல முன்னால் போனேன். அது பின்னால் போனது. நான் இன்னும் மெல்லப் போனேன். அது இன்னும் பின்னால், கம்பு வைத்திருந்தவர் பக்கமாக நகர்ந்தது. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பயமெல்லாம் என் மேல். சுருக்குக் கம்பி அதன் முதுகுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"சார், நீங்க வர வர அது என்கிட்டல்ல வருது," என்றார் அவர். "நெசமாவே ஒங்க நாய்தானா?"

பக்கத்தில் இருந்த இரண்டாவது ஆள் சிரித்தார். இன்னும் ஓர் அடி வைத்தால் அதைச் சுருக்குக்குள் தள்ளுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

வாரை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். வீட்டைப் பார்த்து நடந்தேன். அண்ணாந்து, இந்தத் தடவை நிஜமாகவே வானத்தைப் பார்த்து, "கா… கா…" என்று கூப்பிட்டேன்.

அந்தத் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். எல்லார் வாசலிலும் ஆள் நின்றார்கள். கையில் சோறு இல்லை, தலைக்கு மேலே ஒரு காக்காய்கூட இல்லை. இருந்திருந்தால் எண்ணியிருப்பேன். வேர்த்து ஒழுக, நடுத்தெருவில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன்.

"கணக்கு சாருக்கு என்ன ஆச்சு?" என்றது ஒரு குரல்.

"அமாவாசைல்ல. அப்பா நெனப்பு வந்திருக்கும்," என்றது இன்னொன்று.

நாய் வருகிறதா என்று தெரியவில்லை. அதன் கால் சத்தம் போடாது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும், அல்லது ஓடிவிடும். பிடரி முழுக்கக் கூசியது. பின்னால் கம்பி உரசுகிற சத்தம் வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். கரண்டி அம்மாள் மறுபடி ஏதோ கத்தினார். என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் எதையாவது பார்த்தா என்று தெரியவில்லை.

காம்பவுண்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தரையோரமாக எதையோ பார்த்துக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்தாள். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

கொல்லைக்குள் போனதும் என் வேட்டியை உரசிக்கொண்டு செவலை நிறம் ஒன்று கடந்து போனது. நிற்கவில்லை. நேரே கட்டில். அவர் கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

தெருவெல்லாம் கூப்பிட்டு அழைத்து வந்தவன் நான். அது போய்ச் சேர்ந்த இடம் அது.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "என்ன சார், இப்படி வேர்த்து ஊத்துது?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கம்புக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் வந்தது சரிபார்க்கத்தான், ஆனால் வில்லை கழுத்தில் இல்லாவிட்டால் அவரும் என்ன செய்வார்? நான் மடிப்பிலிருந்து வாரை எடுத்தேன். ஒரு தடவை அதைக் கையில் மடக்கினேன். பிறகு டிராயிங் மாஸ்டரிடம் நீட்டினேன்.

"மாட்டுங்க சார்."

அவர் படுத்தபடியே வாங்கி, நாயின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். நாய் அவர் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒரு கையால் நாயை அணைத்திருந்ததால் அவரால் கொக்கியை மாட்ட முடியவில்லை. இரண்டு தடவை நழுவியது. "சார், ஒரு கை பிடிங்க," என்றார்.

நான் பின்பக்கமாகப் போய் மண்டியிட்டேன். என் விரல் அதன் கழுத்து மயிரில் பட்டது. அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. யார் கை என்று அதற்குத் தெரியும். ஆனால் ஓடவில்லை. நான் வாரை இழுத்து மூன்றாவது துளையில் கொக்கியைப் போட்டேன். விரலுக்கு அடியில் அதன் நாடி அடித்துக்கொண்டது, எண்ண முடியாத வேகத்தில். காதை ஒரு தடவை தொடலாமா என்று நினைத்தேன். தொடவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

கம்புக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போகிற போக்கில் டிராயிங் மாஸ்டரைப் பார்த்து, "நல்ல நாய் சார். ஒங்ககிட்ட எம்புட்டுப் பாசமா இருக்கு," என்றார்.

அதன்பிறகு நான் அதன் முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டேன். அதை நான் விரும்பிச் செய்யவில்லை. தெருவில் முதுகைக் காட்டியபோது வந்தது என்றால், முதுகைக் காட்டியே பார்ப்போம் என்று ஒரு கணக்கு. சாயங்காலம் கொல்லையில் ஒரு பலகையைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நோட்டுத் திருத்துவேன். விறகு எனக்குப் பின்னால். கட்டிலும் எனக்குப் பின்னால்தான். அவர் பத்திரிகை புரட்டுகிற சத்தம் வரும். ஆரம்பத்தில் வேறொன்றும் இல்லை. பிறகு ஒருநாள் வில்லை கொக்கியில் தட்டுகிற சின்னச் சத்தம், கொஞ்சம் தூரத்தில். மழைக்காலம் முடிந்து பனி இறங்கும்போது அந்தச் சத்தம் பக்கத்தில் வந்திருந்தது. ஒருநாள் அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே தரையில் பட்டு அடங்கியது, நாய் படுத்துக்கொண்டது. உடம்பின் சூடு முதுகில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. பேனா மை தீர்ந்தபோதுகூட எழுந்து போகவில்லை. வெறும் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் போட்ட தப்புக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் வந்தது. தினமும் நான் சுவரைப் பார்த்தேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. அந்த இடத்தில் அதைப் பார்க்க முடிந்தவர் ஒரே ஓர் ஆள்தான். பல நாள் அவரிடம் கேட்காமல் இருந்து பார்த்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம், திரும்பாமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சார், பின்னால படுத்திருக்கே, அது கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருக்கா, மூடியிருக்கா?"

பத்திரிகை இறங்குகிற சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"மூடித்தான் சார் இருக்கு," என்றார். "நல்லாத் தூங்குது. காலக்கூட ஒதறுது, கனவு காணுது போல."

நான் நோட்டை அடுத்த பக்கம் திருப்பினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.